பெண்ணுக்கும் வந்த படையழைப்பு

திருகோணமலைப் பட்டினத்திலே உட்துறைமுகத்தை எட்டிப் பார்த்தபடி நிற்கும் மேட்டுத் தெருவொன்றில், நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள வீடொன்று உண்டு. அவ்வீட்டு மூதாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மகன் நோர்வே நாட்டிலே குடியேறி முப்பதாண்டுகளுக்கு மேலாகின்றது. பேத்தி அங்கேயே பிறந்தவள். சென்ற ஆடி மாதம் அவள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, மூதாட்டி நம்மை ஆளனுப்பி அழைத்தார். நாம் போய் அமர்ந்ததும் அவர் தேநீரைக்கூட மறந்து கேட்ட முதற் கேள்வி இது:

"மாஸ்டர், நோர்வேயிலை பொம்பிளைப் பிள்ளையளையும் ஆமிக்குப் பிடிக்கிறாங்களாமே, மெய்யோ?"

பேத்தி சிரித்துவிட்டாள். "பிடிக்கிறதில்லை அப்பம்மா, கூப்பிட்டிருக்கிறாங்கள்" என்று திருத்தினாள். மூதாட்டிக்கு இவ்விரண்டு சொற்களுக்கும் உள்ள வேற்றுமை விளங்கவேயில்லை. விளங்காததில் வியப்பும் இல்லை. நம் மாவட்டத்திலே படைக்கு ஆள் 'அழைக்கப்பட்ட' காலம் ஒன்று இருந்ததாக எவருக்கும் நினைவில்லை. ஆள் 'பிடிக்கப்பட்ட' காலந்தான் நினைவிலிருக்கின்றது. பத்தொன்பது வயதுப் பேத்தியின் சிரிப்புக்கும் எண்பது வயதுப் பாட்டியின் நடுக்கத்துக்கும் இடையிலே கிடப்பது ஒரு பெரிய சட்டப் பிரச்சினை. படைக் கடமை என்று ஒன்று இருக்குமானால் அஃது ஆணுக்கு மட்டுமா, இருபாலார்க்கும் பொதுவா? உலகத்துப் பாராளுமன்றங்களும் நீதிமன்றங்களும் இன்று வாதிட்டுக்கொண்டிருக்கும் இந்த வினாவை, நம் துறைமுகப் பட்டினத்திலிருந்தே சற்று ஆராய்ந்து பார்ப்போமாக.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இலங்கையின் முப்படைகளும் இன்றுவரை தாமாக முன்வந்து சேர்ந்தவர்களைக் கொண்டே நடப்பவை. கட்டாயப் படைச்சேவை என்பது இந்நாட்டில் நடைமுறைக்கு வந்ததில்லை. ஆயின் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்று தெருவிலே நடவாது என்று கூற முடியுமா?

1988ஆம் ஆண்டின் இறுதியில் வடகிழக்கு மாகாண சபை நம் பட்டினத்தைத் தலைநகராகக் கொண்டு அமைந்தது. இந்திய அமைதிப்படை இங்கே நிலைகொண்டிருந்த காலம் அது. மறு ஆண்டில், அப்படை வெளியேறும் நாள் நெருங்கியபோது, மாகாண சபையைச் சார்ந்தோர் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்ற பெயரால் ஒரு படை திரட்டினர். திரட்டினர் என்பது மரியாதைச் சொல். பேருந்தை மறித்தும், பாடசாலை வாயிலில் நின்றும், திருவிழாக் கூட்டத்திற் புகுந்தும் இளைஞர்களை ஏற்றிச் சென்றனர். மீசை அரும்பாத மாணவர்களும் அவர்களுள் இருந்தனர். 1990 மார்ச் 24ஆந் திகதி இந்திய அமைதிப்படையின் கடைசி அணியினர் நம் துறைமுகத்திலிருந்தே கப்பலேறினர். பிடிக்கப்பட்ட பிள்ளைகளிற் பலர் எவருடைய பாதுகாப்புமின்றி எதிராளியின் கையில் விடப்பட்டு மாண்டனர்.

அக்காலத்திற் பிடிக்கப்பட்டவர் ஆண்பிள்ளைகள் மட்டுமே. இதனால் வீடுகளில் நேர்ந்த மாற்றத்தை நம் வயதினர் நன்கறிவர். அதுவரை தம்பி துணையின்றிக் கோயிலுக்கும் போகாத அக்காமார், அன்று தம்பிமாரை அறைக்குள்ளே பூட்டிவைத்துவிட்டுத் தாமே சைக்கிளேறிக் கடைக்குச் சென்றனர். மேலே நாம் கூறிய மூதாட்டியும் அவ்வாண்டில் தம் மகனை நெல்மூட்டைகளின் பின்னே பல வாரங்கள் ஒளித்து வைத்திருந்தவரே. பகலில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு, பையன் கொழும்புக்குப் போய்விட்டான் என்று பதிற் கூறி அனுப்பியவள் அவனுடைய பதினாறு வயதுத் தங்கை. "எனக்குப் பொம்பிளைப் பிள்ளை ஒண்டு இருந்தபடியால்தான் ஆம்பிளைப் பிள்ளை தப்பினவன்" என்று மூதாட்டி இன்றும் கூறுவதுண்டு.

அந்தக் கணக்கும் பின்னர் பொய்த்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழீழ விடுதலைப் புலிகளின் படையணிகளிற் பெண்களும் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். அவர்களுட் பலர் தம் விருப்பத்தோடு சேர்ந்தவர். அடக்குமுறை கண்டு கொதித்தும், வீட்டுச் சிறையினின்று விடுபட விரும்பியும் போனவர். அதனை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது. ஆயின் காலம் செல்லச் செல்ல விருப்பத்தின் இடத்தைக் கட்டாயம் பிடித்துக்கொண்டது. இறுதிப் போர்க் காலத்தில் வன்னியிலே வீட்டுக்கொருவர் என்ற விதி கடுமையாக நடத்தப்பட்டது. அவ்வொருவர் மகனாயினும் மகளாயினும் ஒன்றே. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையாளர் அலுவலகம் 2015இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை இக்கட்டாயச் சேர்ப்பை விரிவாகப் பதிவு செய்துளது. அதற்கு முன்னரே நம் மாவட்டத்தின் மூதூர் கிழக்கிலும், தெற்கே மட்டக்களப்புப் பகுதிகளிலும் சிறுவர் சிறுமியர் சேர்க்கப்பட்டமை பற்றிய முறைப்பாடுகள் அக்காலத்து அறிக்கைகளில் நிறைந்து கிடக்கின்றன.

இருபாலாரையும் ஒன்றாகக் கண்ட விதிதானே இது, சமத்துவம் அன்றோ என்று கேட்கத் தோன்றலாம். அதன் பயனைப் பார்ப்போம். மணமானவரை விட்டுவிடுவர் என்ற நம்பிக்கையிலே, பதினைந்து பதினாறு வயதுப் பெண்களுக்குப் பெற்றோர் அவசர அவசரமாகத் தாலி கட்டுவித்தனர். சோதிடரும் இல்லை, சொந்தமும் கூடவில்லை. அயல்வீட்டுப் பையனே மாப்பிள்ளை. படையினின்று காப்பதற்காகப் பள்ளியினின்று பிரிக்கப்பட்ட அப்பெண்களிற் பலர், இன்று நாற்பதை எட்டாமலே பேரப்பிள்ளை கண்டுள்ளனர். போர் முடிந்தபின் அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாம்களுக்குச் சென்ற ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். விடுதலையாகி வந்த ஆண் தச்சு வேலைக்குப் போனான், மீன்பிடிக்குப் போனான், மணமுஞ் செய்தான். பெண்ணை ஊர் எவ்வாறு நோக்கிற்று? கட்டையாக வெட்டிய தலைமயிர் வளர்வதற்குள் அவள் மீது எத்தனை கதைகள்! பிடிக்கும்போது ஆண் பெண் பேதம் பாராதவர்கள் இருந்தார்கள். திரும்பி வந்தபோது பேதம் பாராதவர் அரிது.

மூதாட்டியின் நடுக்கத்துக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இனித் துறைமுகத்தின் பழைய ஏடொன்றைப் புரட்டுவோம். இரண்டாம் உலகப் போரிலே, 1942 ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அப்போரிலே மாண்டவர் பலர் உறங்கும் மயானம் நிலாவெளி வீதியில் இன்றும் செம்மையாகப் பேணப்பட்டு வருகின்றது. மாணவர்கள் அவ்வழியே சைக்கிளில் தினமும் போகின்றனர். உள்ளே சென்று கற்களைப் படிப்பவர் சிலரே. படித்தால், புதைந்து கிடப்போரின் வயதைக் கண்டு திடுக்கிடுவர். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்றே எண்கள் வரும்.

அப்போர்க் காலத்திலே பிரித்தானியப் பாராளுமன்றம் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. 1941 திசெம்பரில் நிறைவேறிய இரண்டாவது தேசிய சேவைச் சட்டத்தின்படி, இருபது முதல் முப்பது வரை வயதுள்ள மணமாகாத பெண்களும், பிள்ளையில்லாக் கைம்பெண்களும் நாட்டுச் சேவைக்குக் கட்டாயமாக அழைக்கப்பட்டனர். படையின் பெண்கள் பிரிவு, குடியியற் பாதுகாப்பு, தொழிற்சாலை ஆகியவற்றுள் ஒன்றை அவர்கள் தேர்ந்துகொள்ளலாம். உயிர்கொல்லும் ஆயுதத்தைக் கையாளுமாறு, எழுத்து மூலம் சம்மதம் தராத எந்தப் பெண்ணையும் பணித்தலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. இந்த விதி எவ்வளவு விசித்திரமான நிலைமையைத் தோற்றுவித்தது என்பதைக் காண்க: விமான எதிர்ப்புப் பீரங்கி அணிகளிலே பகை விமானத்தின் தூரத்தையும் உயரத்தையும் கணித்துக் குறி வகுத்துக் கொடுப்பவள் பெண்; விசையை இழுப்பவன் ஆண். குண்டு விழுந்தால் இருவரும் ஒருங்கே மடிவர். சம்பளமோ பெண்ணுக்கு ஆணின் சம்பளத்தில் மூன்றிலிரண்டு பங்கு!

'ரென்' என்று அழைக்கப்பட்ட பிரித்தானியக் கடற்படைப் பெண்கள் நம் பட்டினத்திலும் இருந்து பணியாற்றினர். அவர்களிற் பலர் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். செய்திக் குறியீடு, தந்தி, களஞ்சியம், எழுதுவினை முதலியன அவர்கள் பொறுப்பில் இருந்தன. வெள்ளைச் சீருடையிலே சைக்கிளில் விரைந்த அப்பெண்களை நம் பட்டினத்து முதியோர் வேடிக்கையாகப் பேசுவதை நாம் சிறுவயதிற் கேட்டதுண்டு. அக்கடற் பயணம் வேடிக்கையன்று. 1944 பெப்ரவரி 12ஆந் திகதி மொம்பாசாவிலிருந்து கொழும்பை நோக்கி வந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்ற கப்பலை மாலைதீவுக்கு அருகே யப்பானிய நீர்மூழ்கியொன்று தாக்கிற்று. சில நிமிடங்களுள் கப்பல் மறைந்தது. மாண்ட 1297 பேரில் 77 பேர் பெண்கள். தாதியரும் ரென் பெண்களும் ஏனைய சேவையினரும். மூன்றிலிரண்டு சம்பளத்துக்கு முழு உயிரையும் கொடுத்தனர் என்று இவர்களைப் பற்றிக் கூறினால் மிகையாகாது.

1957 ஒக்டோபரில் பிரித்தானியர் இத்தளத்தை நம் நாட்டிடம் ஒப்படைத்து அகன்றனர். அதன் பின்னர் இலங்கைக் கடற்படையின் பயிற்சிக் கழகமும், சீனன்குடாவிலே விமானப்படையின் பயிற்சிக் கழகமும் இம்மாவட்டத்திலே வளர்ந்தன. இராணுவத்தில் மகளிர் படையணி 1979இல் தோன்றிற்று. விமானமோட்டும் முதற் பெண் அதிகாரிகள் இருவர், 2020 நவம்பரிலே சீனன்குடாவில் நடந்த அணிவகுப்பிலேதான் தகைமை பெற்று வெளியேறினர். இவை யாவும் விருப்பத்தின்பாற் பட்டவை. கட்டாயத்தின் சாயலோடு இந்நாட்டு அரசாங்கம் இருபாலாரையும் ஒருங்கே முகாமுக்கு அழைத்த நிகழ்ச்சி ஒன்றே ஒன்று நம் நினைவுக்கு வருகின்றது. 2011ஆம் ஆண்டு, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவ மாணவியருக்குத் 'தலைமைத்துவப் பயிற்சி' என்ற பெயரால் படைமுகாம்களில் மூன்று வாரங்கள் பயிற்சி அளிக்கப்பட்டது. போரிலே தமையனை இழந்த பெண்ணும், படைமுகாம் வாசலிலே தந்தையைத் தேடி நின்ற பெண்ணும் அதே முகாமுக்குப் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. ஆண் பெண் என்ற பேதம் அங்கும் பாராட்டப்படவில்லைதான்.

2021 சனவரியில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட யாவருக்கும் படைப்பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று அமைச்சரொருவரே கருத்து வெளியிட்டார். அது சட்டமாகவில்லை. ஆயினும் நாளை அவ்வாறொரு மசோதா வந்தால் என்னாகும் என்பதை மாணவர்கள் சிந்தித்து வைப்பது நல்லது. நம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி முதலியவற்றோடு பால் காரணமாகவும் பிரசைக்குப் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. அதே உறுப்புரையின் நான்காம் பந்தி, பெண்களின் முன்னேற்றத்துக்கெனத் தனி ஏற்பாடு செய்யலாம் என்றும் கூறுகின்றது. ஆண்களை மட்டும் அழைக்கும் சட்டம் இரண்டாம் பந்தியோடு மோதும். பெண்ணை விலக்குவது அவளுடைய முன்னேற்றத்துக்காகவே என்று நான்காம் பந்தியைக் காட்டி வாதிடுவோரும் இருப்பர். போருக்கு அனுப்பாமை ஒரு முன்னேற்ற ஏற்பாடாகுமா, அன்றிப் பெண் அரைப் பிரசை என்பதற்கான அறிவிப்பாகுமா? நம் நாட்டிலே மசோதா நிலையில் மட்டுமே உயர் நீதிமன்றத்தில் அதனை எதிர்க்க முடியும். சட்டமான பிறகு வாய்ப்பில்லை. ஆகையால் இவ்வினாவை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது வீண்வேலையன்று.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை இன்னும் சுவையானது. இந்திய அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை பலவந்த வேலையைத் தடைசெய்கின்றது. பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவையை விதிக்கலாம் என்று ஒரு விலக்கும் வைத்திருக்கின்றது. அவ்வாறு விதிக்கும்போது மதம், இனம், சாதி, வகுப்பு என்பவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு வேற்றுமை காட்டலாகாது என்று நிபந்தனையும் இடுகின்றது. இப்பட்டியலை ஒருமுறை மீண்டும் படியுங்கள். பால் என்ற சொல் அங்கில்லை! வேறிடங்களில் அச்சொல்லை மறவாது எழுதியவர்கள் இங்கே எழுதாது விட்டது கைப்பிழையன்று என்றே நாம் எண்ணுகின்றோம். இந்தியா கட்டாயப் படைச்சேவையை விதிக்கவில்லையாதலால் அவ்விடைவெளி இன்னும் சோதனைக்கு வரவில்லை. விரும்பிச் சேர்ந்த பெண்களுக்கே, ஆண்களைப்போல் நிரந்தர அதிகாரப் பதவி பெறுவதற்கு 2020ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது.

பிறநாட்டு நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று மாறான வழிகளிற் சென்றுள்ளன. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1981இலே, ஆண்களை மட்டும் படைப்பதிவுக்கு உட்படுத்துவது செல்லும் என்றது. பெண்கள் போர்முனைக்கு அனுப்பப்படுவதில்லை, ஆதலால் அவர்களைப் பதியத் தேவையில்லை என்பது காரணம். 2015இலே போர்முனைப் பணிகள் யாவும் அங்கு பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டன. காரணம் போயிற்று, தீர்ப்பு மட்டும் நிற்கின்றது. தென்கொரியாவின் அரசியலமைப்பு நீதிமன்றமும் 2023இலே, ஆண்களை மட்டும் அழைக்கும் சட்டத்தை மீண்டும் ஏற்றுக்கொண்டது. அந்நாட்டு நிகழ்ச்சியொன்று பரீட்சைப் புள்ளிகளுக்காகவே வாழும் நம் வீடுகளுக்கு நன்கு புரியும். படைச்சேவை முடித்த ஆண்களுக்கு அரசாங்க உத்தியோகப் பரீட்சையில் மேலதிகப் புள்ளிகள் வழங்கப்பட்டு வந்தன. படைக்கு அழைக்கப்படாத பெண்ணுக்கும், போக இயலாத அங்கவீனருக்கும் அப்புள்ளிகள் கிடையா. 1999இலே அவ்வழக்கத்தை அதே நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிற்று. இளமையை இழந்த ஆணுக்கும் குறை, புள்ளியை இழந்த பெண்ணுக்கும் குறை. ஒருவர் தோளில் மட்டும் சுமையை ஏற்றினால் கூலித் தகராறு இருவர்க்கும் வரும் போலும்.

நம்மவர் வாழும் நாடுகளை நோக்கினால் இது வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று என்பது தெரியும். சிங்கப்பூரிலே 1967 முதல் தமிழ்த் தாய்மார் தம் ஆண்பிள்ளைகளை ஈராண்டுச் சேவைக்கு வழியனுப்பி வருகின்றனர். பெண்பிள்ளைகள் விரும்பினால் மட்டுமே சேரலாம். மலேசியாவிலே 2004இல் தொடங்கிய தேசியச் சேவைப் பயிற்சியிலோ, தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் பெயரும் குலுக்கலில் விழுந்தது. மூன்று மாத முகாம் அது. 2018இற் கைவிடப்பட்டு, 2025இலே குறுகிய வடிவில் மீண்டும் வந்திருக்கின்றது. சுவிற்சர்லாந்திலே குடியுரிமை பெற்ற ஈழத்தமிழ் இளைஞன் படைச்சேவைக்குக் கட்டுப்பட்டவன். செய்யாவிடில் வருமானத்தில் நூற்றுக்கு மூன்று வீதம் வரி கட்டுகிறான். அவன் தங்கைக்கு இரண்டுமில்லை. பெண்களையும் உள்ளடக்கிப் பொதுச்சேவையை யாவர்க்கும் கட்டாயமாக்கும் யோசனை 2025 நவம்பரிலே அந்நாட்டு மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் வேண்டாமென்றனர். வீட்டு வேலையையும் பிள்ளை பராமரிப்பையும் கூலியின்றிச் சுமக்கும் பெண்மீது இன்னொரு சுமையா என்பது அங்கே எழுந்த வாதங்களுள் ஒன்று. அவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம்.

இவர்களுக்கெல்லாம் மாறாக நின்ற நாடு நோர்வே. அந்நாட்டுப் பாராளுமன்றம் 2013இலே கொள்கையளவில் முடிவு செய்து, 2014இலே சட்டத்தைத் திருத்தி, 1997ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பிறந்த பெண்கள் யாவரையும் ஆண்களுக்குச் சமமாகப் படைக் கடமைக்கு உட்படுத்திற்று. சமாதான காலத்திலே ஐரோப்பாவில் இதனைச் செய்த முதல் நாடு அதுவே. 2017இல் சுவீடன் பின்தொடர்ந்தது. 2025 யூலை முதல் பதினெட்டு வயதாகும் டென்மார்க்குப் பெண்களின் பெயரும் குலுக்கற் குடத்தில் விழுகின்றது. இஸ்ரவேல் 1949 முதலே பெண்களை அழைத்து வருவது உண்மை. ஆயின் அங்கு பெண்ணின் சேவைக்காலம் குறைவு, மணமானவளுக்கு விலக்கு. எனவே முழுச் சமத்துவம் அதுவன்று.

நோர்வேயில் எல்லாரும் படைக்குப் போவதில்லை என்பதை இங்கே கூற வேண்டும். பதினேழு வயதிலே ஆணும் பெண்ணும் ஒரு வினாப்பத்திரத்தை நிரப்புகின்றனர். அவருட் சிலர் நேரிற் பரிசோதிக்கப்படுகின்றனர். அவரினும் சிலரே ஏறத்தாழ ஓராண்டுச் சேவைக்கு எடுக்கப்படுகின்றனர்; அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பெண்கள். தகுதியோடு விருப்பமும் கணிசமாக நோக்கப்படுகின்றது. மனச்சாட்சியின் பேரால் ஆயுதமேந்த மறுப்போர்க்கு விலக்கு உண்டு. ஆகவே சட்டத்திலே கட்டாயம். நடைமுறையிலே பாதி விருப்பம். சமத்துவம் அங்கே வெற்றி பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம். எரித்திரியா என்னும் ஆபிரிக்க நாட்டைப் பாருங்கள். 1995ஆம் ஆண்டுப் பிரகடனம் அங்கும் ஆண் பெண் இருபாலாரையும் பதினெட்டு மாதச் சேவைக்கு அழைத்தது. 1998இல் மூண்ட போரின் பின் அச்சேவைக்கு முடிவுநாள் என்பதே இல்லாது போயிற்று. பத்தாண்டு, பதினைந்தாண்டு என நீண்ட சேவையினின்று தப்பப் பாலைவனத்தையும் கடலையும் கடந்து ஓடியோரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. அங்கேயும் சட்டப் புத்தகத்திற் சமத்துவம் இருக்கின்றது!

ஆகவே மூதாட்டியின் கேள்வி நாம் முதலில் நினைத்த அளவுக்குப் பேதைமையானதன்று. பெண்ணையும் சேர்க்கிறார்களா என்பதன்று அவர் கேட்டது. பிடிக்கிறார்களா என்பதே. அழைப்பாயின் அதற்கு ஒரு கடிதம் உண்டு; கடிதத்தில் ஒரு திகதி உண்டு; மறுக்க ஒரு மேசை உண்டு; மறுப்பைக் கேட்க ஓர் அதிகாரி உண்டு; அவருக்கு மேலே ஒரு நீதிமன்றம் உண்டு. எல்லாவற்றினும் முக்கியமாக, விடுவிக்கும் நாள் உண்டு. பிடிப்பில் இவற்றுள் ஒன்றுமில்லை. இவை இல்லாத இடத்தில் ஆணையும் பெண்ணையும் ஒருசேர வண்டியில் ஏற்றுவதைச் சமத்துவம் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை. இவை உள்ள இடத்திலோ, மகன் நாட்டுக்கு உரியவன், மகள் வீட்டுக்கு உரியவள் என்று பிரித்துவைக்கும் சட்டத்துக்கு நியாயம் கற்பிப்பதும் எளிதன்று. மகனின் உயிர் மலிவு என்று அச்சட்டம் சொல்லாமற் சொல்கின்றது. மகளின் வாக்கு மலிவு என்றும் சேர்த்தே சொல்கின்றது.

இவற்றையெல்லாம் அன்று மூதாட்டியிடம் நாம் இப்படி அடுக்கிக் கூறவில்லை. பேத்தி தன் கைத்தொலைபேசியில் வந்திருந்த கடிதத்தைத் திறந்து, தமிழில் மெல்ல மெல்ல மாற்றிச் சொன்னாள். ஐப்பசி மாதத்தில் வடக்கே ஒரு முகாமில் அவள் சேர வேண்டும். பனி கொட்டும் இடம். ஓராண்டு. விருப்பமா என்று வினாப்பத்திரம் கேட்டபோது விருப்பமென்றே அவள் எழுதியிருந்தாள். தகப்பன் இரண்டு நாட்கள் அவளோடு பேசவில்லையாம். நெல்மூட்டையின் பின்னே பதினெட்டு வயதில் ஒளிந்திருந்த பையன்தான் அவன்.

"அவருக்கு நான் பயந்துபோய்ப் போறன் எண்டு நினைப்பு" என்றாள் அவள். "நான் பிறந்த நாடு அப்பம்மா. அண்ணா போனவர். நான் ஏன் போகக்கூடாது?"

மூதாட்டி வெகுநேரம் பேசவில்லை. கோணேசர் கோயில் மணியோசை கடற்காற்றில் வந்து தேய்ந்தது. பின்னர் அவர் கேட்டது ஒன்றே: "எப்ப விடுவாங்கள்? அதை எழுதியிருக்கோ?"

எழுதியிருந்தது. மறு ஆண்டு ஐப்பசியில் ஒரு திகதி. பேத்தி அதை வாசித்தாள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பின் நம்மை நோக்கி, "மாஸ்டர், நீங்களும் ஒருக்காப் பாருங்கோ" என்றார். நமக்கு நோர்வே மொழி தெரியாது. எனினும் இலக்கங்கள் எம்மொழியிலும் இலக்கங்களே. பார்த்து, சரியென்றோம். அதன் பிறகே அவர் எழுந்து, சுவாமி அறையிலிருந்து பஞ்சாங்கத்தையும் ஒரு பென்சிலையும் கொண்டுவந்து நம்மிடம் தந்தார். அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கம் இன்னும் அச்சாகி வரவில்லையாதலால், பின்னட்டையின் உட்புறத்திலே அத்திகதியை எழுதிக் கொடுத்தோம். பெரிதாக எழுதச் சொன்னார். கண் பார்வை சற்றுக் குறைவு.